11.59-ஐ முடிவு பண்ணது யாரு?

மக்களே, ஒரு சின்னக் கணக்கெடுப்பு. இந்த செமஸ்டர்ல இதுவரைக்கும் எத்தனை அசைன்மெண்ட் அப்லோட் பண்ணியிருப்பீங்க? பத்து? பன்னிரண்டு? சரி, அதுல எத்தனை உங்ககிட்ட திரும்பி வந்துச்சு? மார்க் வந்துச்சான்னு கேட்கலை. நீங்க எழுதினதை ஒருத்தர் படிச்சு, "இந்த ஸ்டெப்புல யூனிட் மாத்தலை"ன்னு ஒரு கோடு போட்டு, உங்க கைக்கே திருப்பிக் கொடுத்தது எத்தனை?

எனக்கு மூணு வருஷத்துல ரெண்டு. ரெண்டுமே ஒரே சார் கொடுத்தது. அவரைப் பத்தி பின்னாடி சொல்றேன்.

"டிஜிட்டல் அசைன்மெண்ட்"னு சொன்னாலே ஸ்டாஃப் பக்கம் ஒரு பெருமை, நம்ம பக்கம் ஒரு பெருமூச்சு. எந்த ஆப் நல்லதுன்னு ரெண்டு பக்கமும் பேசிட்டே இருக்கோம். என் கருத்து, ஆப் இங்க ரெண்டாம் பட்சம். எப்போ கொடுக்கணும், எங்கே வாங்கணும், வாங்கினதுக்கு என்ன சாட்சி, வாங்கினதை என்ன பண்ணணும்னு நாலு விஷயத்தை யாருமே உட்கார்ந்து முடிவு பண்ணலை. தானா நடந்துபோச்சு. தானா நடந்ததுக்கு விலை கொடுக்கிறது நாம. அதுலயும் எல்லாரும் ஒரே விலை கொடுக்கிறதில்லை.

என் கிளாஸ்ல ஒரு பையன். அரசுப் பள்ளியில படிச்சு 7.5 சதவீத இடஒதுக்கீட்டுல வந்தவன். அப்பா சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறையில வேலை. போன வருஷம் வரைக்கும் வீட்டுல உருப்படியான போன் ஒன்னுதான். அதுவும் அப்பாகூட பட்டறைக்குப் போய்டும், ஆர்டர் நெருக்கடின்னா ராத்திரி பத்து, பதினொன்னுக்குத்தான் திரும்பி வரும். ஒருநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு கிளாஸ் குரூப்ல ஒரு மெசேஜ்: "யூனிட் 3 அசைன்மெண்ட், இன்னைக்கு நைட் 11.59-க்குள்ள". போன் வீட்டுக்கு வந்தப்போ இவன் தூங்கிட்டான். காலையில பஸ்ல என் போன்லதான் பார்த்தான். போய் நின்னா, "டைம் முடிஞ்சுது, மத்த 60 பேர் எப்படிப் போட்டாங்க?"ன்னு ஒரே வரி. ஜீரோ.

"ஒரு அசைன்மெண்ட்தானே"ன்னு நினைக்கிறவங்களுக்காக ஒரு கணக்கு. அண்ணா யுனிவர்சிட்டி இணைப்புக் கல்லூரிகளுக்கான 2021 ரெகுலேஷன்ல தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் எக்ஸாம் 60. இதுக்கு முந்தைய 2017 ரெகுலேஷன்ல இன்டர்னல் 20தான் இருந்துச்சு. இப்போ அந்த 40 ரெண்டு அசெஸ்மெண்டா பிரியுது. ஒவ்வொன்னுலயும் எழுத்துத் தேர்வுக்கு 60 சதவீதம். அசைன்மெண்ட், கேஸ் ஸ்டடி, செமினார், மினி ப்ராஜெக்ட் மாதிரி நீங்க தனியா செய்யுற வேலைக்கு 40 சதவீதம். 40-ல 40 சதவீதம்னா 16. நூறுக்கு 16 மார்க் அசைன்மெண்ட் பக்கம் இருக்கு.

பாஸ் ஆக செமஸ்டர்ல குறைஞ்சது 45 சதவீதம், அதாவது 60-க்கு 27 வேணும். மொத்தத்துல 50 வேணும். ஒருத்தன் கஷ்டப்பட்டு சரியா 27 எடுத்துட்டான்னு வைங்க. இன்டர்னல்ல அவனுக்கு 23 தேவை. அந்த 16-ம் போயிடுச்சுன்னா, மீதி இருக்கிற 24-ல 23 எடுத்தாகணும். டெஸ்ட்ல ஏறக்குறைய முழு மார்க் எடுக்கிறவன் செமஸ்டர்ல ஏன் 27-ல நிக்கப்போறான்? அதாவது, அரியர். அந்த அரியருக்குக் காரணம் பாடம் புரியாதது மட்டும் இல்லை, போன் பட்டறையில இருந்ததும்தான். (ஆட்டோனமஸ் கல்லூரிகள்ல பிரிக்கிற விதம் மாறும். ஆனா அசைன்மெண்டுக்கு வெயிட் இருக்கிறது மாறாது.)

இப்போ தலைப்புக்கு வரேன். அந்த 11.59-ஐ யாரு முடிவு பண்ணது?

யாருமே இல்லை. கூகுள் கிளாஸ்ரூம்ல ஒரு அசைன்மெண்டுக்குத் தேதி மட்டும் போட்டுட்டு நேரம் போடாம விட்டா, அது தானாவே ராத்திரி 11.59-ன்னு எடுத்துக்கும். அவ்வளவுதான். ஒரு கம்பெனி சாஃப்ட்வேர்ல இருந்த ஒரு செட்டிங், நம்ம வாழ்க்கையில சட்டமா மாறிடுச்சு. கிளாஸ்ரூம்ல இருந்து வாட்ஸ்அப்புக்கும் தாவிடுச்சு. அங்கே எந்த செட்டிங்கும் கிடையாது, ஆனாலும் 11.59தான். ஹாஸ்டல்ல ராத்திரி எல்லாரும் ஒரே நேரத்துல அப்லோட் பண்ண, வைஃபை திணற, வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். நான் ஏற்காடு மலையடிவாரப் பக்கம் கொண்டப்பநாயக்கன்பட்டியில இருந்து வர்ற டே ஸ்காலர். மழைக்காலத்துல கரண்ட் போய் வைஃபையும் போச்சுன்னா, மொட்டை மாடியில ஒரு மூலையில நின்னு போனைத் தூக்கிப் பிடிச்சுத்தான் 18 எம்பி பிடிஎஃப் ஏறும். எங்கம்மா கீழே இருந்து, "இந்நேரத்துல மாடியில என்னடா பண்ற?"ன்னு கேட்பாங்க. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்மா, வேற என்ன.

டெட்லைனை சாயங்காலம் 4 மணிக்கு வெச்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அந்த நேரத்துல நாம எல்லாரும் கேம்பஸ்ல இருக்கோம். காலேஜ் வைஃபை இருக்கு. லைப்ரரியில சிஸ்டம் இருக்கு. சொந்த லேப்டாப் இல்லாதவன் பக்கத்துல உட்கார்ந்து போட ஒரு ஃப்ரெண்ட் இருக்கான். ஃபைல் ஓப்பன் ஆகலைன்னா ஸ்டாஃப் ரூம் மாடிப்படி ஏறினா வந்துடும். ராத்திரி 11.59-க்கு ஒரு பிரச்சினைன்னா நாம யாரைக் கேட்கிறது? "அப்போ ராத்திரி உட்கார்ந்து எழுதுற டைம் போயிடுமே"ன்னு கேட்பீங்க. போகாது. இன்னைக்கு நைட் 11.59-க்குப் பதில் நாளைக்கு சாயங்காலம் 4 மணின்னா, 16 மணி நேரம் கூடவே கிடைக்குது. ஸ்டாஃபுக்கும் நஷ்டம் இல்லை. எந்த மேமும் ராத்திரி 12 மணிக்கு எழுந்து நம்ம பிடிஎஃப்பைத் திருத்தப்போறதில்லை.

அடுத்தது எங்கே வாங்கணும்ங்கிறது. வாட்ஸ்அப் பத்தி எனக்கு ஒரு கோபம் இருக்கு, அதை மறைக்கலை. அது பேசுறதுக்கு நல்லது. அறிவிப்பு சொல்ல நல்லது. ஆனா வாங்கி வைக்கிற இடம் அது இல்லை. 64 பேர் அனுப்பின பிடிஎஃப், "குட் மார்னிங் சார்", ஹால் மாத்தின தகவல், ஒருத்தனோட பர்த்டே எல்லாம் ஒரே நூல்ல கோத்த மாதிரி கிடக்கும். ரெண்டாவது வருஷம் எங்களுக்கு ஒரு பாடத்துல அப்படித்தான் ஆச்சு. செமஸ்டர் கடைசியில அந்த ஸ்டாஃபோட போன் ரிப்பேர். புது போன் வந்துச்சு, பழைய ஃபைல் வரலை. "எல்லாரும் திரும்ப அனுப்புங்க"ன்னாங்க. என் போன்ல இடமில்லைன்னு நான் எப்பவோ அழிச்சாச்சு. அனுப்பினதுக்கு என்கிட்ட என்ன சாட்சி? ரெண்டு நீல டிக். அதுவும் சாட் கிளியர் பண்ணதோட போச்சு. திரும்ப எழுதினேன். 22 பக்கம்.

இதுல யாரும் பேசாத ஒரு ஜீவன் இருக்கு: கிளாஸ் ரெப். "எல்லாரும் ரெப்கிட்ட அனுப்புங்க, அவன் ஒரே ஃபோல்டரா எனக்கு அனுப்புவான்." அந்த ஒரு வரியில ஒரு மாணவனை சம்பளமில்லாத கிளார்க்கா மாத்தியாச்சு. 'அசைன்மெண்ட் ஃபைனல்', 'அசைன்மெண்ட் ஃபைனல் 2', 'ஸ்கேன் 0047'னு வர்ற 64 ஃபைலுக்கும் ரோல் நம்பர் போட்டு பேர் மாத்துறது அவன் வேலை. அதைவிட மோசம், 63 பேர் பதிலும் அவன் போன்ல இருக்கும். அவன் நல்லவனா இருந்தாலும் சந்தேகம் அவன்மேலதான் விழும். ஒருத்தனோட ஃபைல் விட்டுப்போனா பழியும் அவனுக்குத்தான். எங்க ரெப் ஒருதடவை சொன்னான்: "மச்சி, என் அசைன்மெண்டைப் போடத்தான் மறந்துட்டேன்டா." சிரிச்சோம். ஆனா நடந்தது உண்மை.

கிளாஸ்ரூம், மூடுல் மாதிரி இடங்கள்ல போட்டா நமக்குக் கிடைக்கிற முதல் நன்மை இதுதான்: நீங்க கொடுத்த நேரம் அங்கே பதிவாகும், உங்க பேருக்குக் கீழேயே ஃபைல் இருக்கும், இன்னொருத்தன் கண்ணுல படாது. ரசீது மாதிரி. பேங்க்ல 50 ரூபாய் கட்டினாலும் சலான்ல சீல் கேட்கிற ஊரு இது. 16 மார்க் கட்டுற இடத்துல சீல் கேட்க நமக்குக் கூச்சம்.

கூகுள் ஃபார்ம்ல ஃபைல் கேட்கிற பழக்கமும் சில டிபார்ட்மெண்ட்ல இருக்கு. வாட்ஸ்அப்பைவிட எவ்வளவோ மேல். ஆனா ஒரு சிக்கல்: நாம ஏத்துற ஃபைல் எல்லாம் ஃபார்ம் உருவாக்கினவங்க டிரைவ்லதான் போய் உட்காரும். சொந்த ஜிமெயில்ல போட்டிருந்தா அவங்க மெயில், போட்டோ எல்லாத்துக்கும் சேர்த்து இலவச இடம் 15 ஜிபி. 64 பேர், அஞ்சு அசைன்மெண்ட், ஆளுக்கு 20 எம்பின்னா ஒரு பாடத்துக்கே 6.4 ஜிபி. மூணு கிளாஸ் எடுக்கிற மேமுக்கு செமஸ்டர் முடியுறதுக்குள்ள டிரைவ் ரொம்பிடும். அதுக்கப்புறம் ஃபார்ம் நம்ம ஃபைலை வாங்காது. நாம "சர்வர் டவுன்"னு நினைச்சு ரீலோட் பண்ணிட்டே இருப்போம். 20 எம்பி ஏன் ஆகுதுன்னா, ஒவ்வொரு பக்கத்தையும் கலர் போட்டோவா எடுக்கிறோம். ஸ்கேன் ஆப்ல கருப்பு-வெள்ளை வெச்சு எடுத்தா அதே அசைன்மெண்ட் ரொம்பச் சின்னதாகிடும். இது நம்ம கையில இருக்கிற விஷயம், ஸ்டாஃபைக் குறை சொல்ல முடியாது. (2020 ஜூன்ல மத்திய அரசு தடை பண்ண 59 ஆப்ல காம்ஸ்கேனரும் ஒன்னு. ஆப் போச்சு, ஆனா இன்னைக்கும் எங்க கிளாஸ்ல எந்த ஆப்ல எடுத்தாலும் "காம்ஸ்கேன் பண்ணிட்டியா"தான்.)

இந்தக் கூத்தோட உச்சத்தைப் பார்த்தவங்க நம்ம சீனியருக்கும் சீனியர்கள். எங்க பெரியப்பா மகள் அப்போ இன்ஜினியரிங் படிச்சிட்டிருந்தாங்க. 2021 ஆரம்பத்துல தமிழ்நாடு அரசு கல்லூரி மாணவர்களுக்கு தினமும் 2 ஜிபி இலவச டேட்டா கார்டு கொடுத்துச்சு. ஜனவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும், 9.69 லட்சம் பேருக்குன்னு அறிவிச்சவர் அப்போ முதல்வரா இருந்த நம்ம எடப்பாடிக்காரர். அது நிஜமாவே உதவுச்சுன்னு அக்கா சொல்வாங்க. அந்த வருஷம் பிப்ரவரி, மார்ச்ல அண்ணா யுனிவர்சிட்டி செமஸ்டர் எக்ஸாம் ஆன்லைன்ல நடந்துச்சு. கேமரா வழியா கம்ப்யூட்டரே கண்காணிச்ச எக்ஸாம். ரிசல்ட்ல பெரிய குழப்பம், நிறைய பேருக்கு நிறுத்தி வெச்சாங்க. அப்புறம் வருஷத்தோட நடுவுல மறுபடி எக்ஸாம், இந்தத் தடவை பேனா-பேப்பர் முறை. வீட்டுலயே ஏ4 தாள்ல எழுதணும், ஒவ்வொரு பக்கத்துலயும் ரெஜிஸ்டர் நம்பர் போடணும், ஸ்கேன் பண்ணி பிடிஎஃப் ஆக்கி அப்லோட் பண்ணணும், அப்புறம் அதே தாளை கவர்ல போட்டு தபால்லயோ கூரியர்லயோ அனுப்பணும். டேட்டா கார்டு ஏப்ரலோட முடிஞ்சாச்சு. அக்கா எழுதி, பெரியப்பா போன்ல ஸ்கேன் பண்ணி, கவரை எடுத்துக்கிட்டு அஸ்தம்பட்டி போஸ்ட் ஆபீஸ்ல போய் நின்னா, முன்னாடி இருந்த பாதிப்பேர் கையிலயும் அதே பழுப்பு கவர். அது கொரோனா காலம், வேற வழி இல்லை, அதைக் குறை சொல்ல மாட்டேன். என் கேள்வி வேற: கொரோனா போய் இத்தனை வருஷம் ஆச்சு. நாம ஏன் இன்னும் எழுதி, ஸ்கேன் பண்ணி, அப்லோட் பண்ணி, அப்புறம் "ஹார்டு காப்பியும் கொடுத்துடுங்க"ன்னு கேட்டா அதையும் கொடுத்துக்கிட்டு இருக்கோம்?

ஹார்டு காப்பி எதுக்குன்னு ஒரு மேம்கிட்டயே கேட்டேன். ஒளிக்காம சொன்னாங்க: கோர்ஸ் ஃபைலுக்கு. அங்கீகாரக் குழு வந்தா நல்லது, சுமார், மோசம்னு மாதிரிக்கு சில அசைன்மெண்டைக் காட்டணும். சரி மேம், மூணு பேருதைக் காட்டணும்னா 64 பேரையும் ஏன் ஜெராக்ஸ் கடையில நிக்க வைக்கணும்? அந்த மூணை மட்டும் பிரிண்ட் எடுத்தா போதாதா? "யோசிக்கலப்பா"ன்னாங்க. நேர்மையான பதில். அதான் நான் முதல்லயே சொன்னேன், யாரும் முடிவு பண்ணலைன்னு.

இனி எனக்குப் பிடிச்ச பகுதி. அந்த ரெண்டு அசைன்மெண்டைத் திருப்பிக் கொடுத்த சார்.

அவர் கிளாஸ்ரூம்தான் பயன்படுத்தினார், விசேஷ ஆப் எதுவும் இல்லை. ஆனா கேள்வி கொடுத்த விதம் வேற. பீம் கணக்கு: ரெண்டு முனையிலயும் சாதாரணமா தாங்கி நிக்கிற 6 மீட்டர் பீம், முழு நீளத்துக்கும் சீரான பளு, அதிகபட்ச பெண்டிங் மொமெண்ட் கண்டுபிடிக்கணும். பளு எவ்வளவு? "10-ஓட உங்க ரோல் நம்பரின் கடைசி ரெண்டு இலக்கத்தைக் கூட்டிக்கங்க." ரோல் நம்பர் 17-க்கு மீட்டருக்கு 27 கிலோ நியூட்டன். 42-க்கு 52. பளுவை நீளத்தோட வர்க்கத்தால பெருக்கி 8-ஆல வகுத்தா, 17-க்கு 121.5, 42-க்கு 234. கிளாஸ்ல ஒருத்தருக்கு வந்த விடை இன்னொருத்தருக்கு வராது. அதுக்கப்புறம் கம்பி எத்தனை, எந்த அளவுன்னு டிசைன் போகப் போக, ஒவ்வொருத்தர் பாதையும் பிரிஞ்சுடும்.

அன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல்ல, எங்க குரூப் கால்ல என்ன நடந்துச்சு தெரியுமா? வழக்கமா ஒருத்தன் போட்ட பிடிஎஃப்பை 40 பேர் பார்த்து எழுதுவோம். அன்னைக்கு அது முடியலை. "மச்சி, உனக்கு எப்படிடா வந்துச்சு, எனக்கு ஆழம் பத்தலைன்னு வருது"ன்னு கேட்டுக்கிட்டோம். பதிலைக் கேட்கலை, வழியைக் கேட்டோம். ஒருத்தன் இன்னொருத்தனுக்கு சொல்லிக் கொடுத்தான். காப்பி அடிக்காதீங்கன்னு சார் ஒரு வார்த்தை சொல்லலை. காப்பி அடிச்சா பிரயோஜனம் இல்லாத மாதிரி பண்ணிட்டார், அவ்வளவுதான். திருத்துறதும் கஷ்டமில்லை; எக்செல்ல ஒரு ஃபார்முலா போட்டு கீழே இழுத்தா 64 விடையும் வந்துடும். முதல் விடை தப்பான ஆளை மட்டும் உள்ளே போய்ப் பார்த்தா போதும்.

மூடுல்ல இதுக்குன்னே ஒரு கேள்வி வகை இருக்கு. கணக்கை ஒருதடவை எழுதிட்டா, எண்களை ஆளுக்கு ஆள் அதுவே மாத்திக் கொடுக்கும். மூடுல் பேர் வந்ததால ஒரு விஷயம் சொல்லணும். அதை உருவாக்கினவர் மார்ட்டின் டூகியாமஸ்ங்கிற ஆஸ்திரேலியாக்காரர். முதல் முழுப் பதிப்பு 2002 ஆகஸ்ட்ல வந்துச்சு. சின்ன வயசுல அவர் வளர்ந்தது மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைவனப் பகுதியில. பக்கத்துல ஸ்கூலே கிடையாது. பாடம் சிற்றலை ரேடியோவுல வரும். வாத்தியாரை நேர்ல பார்க்காம, கொடுத்ததைச் செஞ்சு அனுப்பிட்டுக் காத்திருந்த பையன் செஞ்ச சாஃப்ட்வேர் அது. நம்ம சாஃப்ட்வேர் ஆளுங்க பலபேர் மூடுல் பழைய மாடல், அழகா இல்லைன்னு சொல்வாங்க. அழகா இல்லைதான். ஆனா காலேஜ் சர்வர்லயே இலவசமா ஓடும், ஒவ்வொரு ஃபைலுக்கும் மாணவர் பேரை அதுவே போட்டு ஒரே ஜிப்பா கொடுக்கும் (ரெப் தப்பிச்சான்), காரணம் இருக்கிற ஒரு ஆளுக்கு மட்டும் தனியா நேரத்தை நீட்டிக் கொடுக்கவும் முடியும். அந்தக் கொலுசுப் பட்டறை வீட்டுப் பையனுக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு கிளிக்தான்.

"எல்லாருக்கும் நீட்டிச் கொடுத்தா ஒழுக்கம் போயிடும்"னு சில ஸ்டாஃப் சொல்வாங்க. அதுக்கு பதில் நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச இடத்துலயே இருக்கு: என்பிடெல். புதன்கிழமை ராத்திரி 11.59 (அங்கேயும் அதே 11.59, விடுங்க). டெட்லைன்ல ஒரு நிமிஷம் விட்டுக்கொடுக்க மாட்டாங்க. கெஞ்சி மெயில் போட்டாலும் நடக்காது. ஆனா 12 வார கோர்ஸ்ல 12 அசைன்மெண்ட்ல சிறந்த 8-ஐ மட்டும்தான் கணக்குல எடுப்பாங்க. ஃபைனல் மார்க்ல அதுக்கு 25 சதவீதம். காய்ச்சலா, கரண்ட் இல்லையா, சொந்தக்காரங்க கல்யாணமா, காரணமே கேட்கலை. நாலு தடவை விழலாம்னு முதல்லயே இடம் விட்டுட்டாங்க. யாரும் யார்கிட்டயும் பொய் சொல்லி நிக்க வேண்டாம். விதி கறாராவும் இருக்கு, மனுஷத்தனமாவும் இருக்கு. நம்ம பாடத்துல அஞ்சு அசைன்மெண்ட் கொடுத்து சிறந்த நாலை எடுத்தா என்ன குறைஞ்சுடும்? என்பிடெல்ல குறையே இல்லைன்னு சொல்ல வரலை. அந்த அசைன்மெண்ட் விடையெல்லாம் டெலிகிராம்ல எப்போ வரும், எந்தச் சேனல்ல வரும்னு உங்களுக்கே தெரியும். எல்லாருக்கும் ஒரே கேள்வின்னா அதான் நடக்கும்.

சாட்ஜிபிடியைப் பத்திப் பேசாம இந்தக் கட்டுரை முடியாது. 2022 நவம்பர் கடைசியில அது வந்ததுல இருந்து, "டைப் பண்ணாதீங்க, கையால எழுதுங்க"ன்னு ஒரு உத்தரவு. ஏஐ எழுதினதைப் பார்த்து நாம கையால எழுதுறோம், வேற என்ன மாறுச்சு? கை வலிச்சதுதான் மிச்சம். இன்னொரு பக்கம், கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேர்ல போட்டு "80 சதவீதம் ஏஐ"ன்னு சிவப்புல காட்டி மார்க்கைக் குறைக்கிறது. சாட்ஜிபிடியை உருவாக்கின ஓப்பன்ஏஐ கம்பெனியே ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்க ஒரு கருவி விட்டுட்டு, துல்லியம் குறைவுன்னு 2023 ஜூலையில அதை எடுத்துட்டாங்க. செஞ்சவங்களாலயே அப்போ முடியாததை வெச்சு ஒரு பையனைத் திருடன்னு சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிக்கணும். அந்த சார் என்ன பண்ணினார்னா, அப்லோட் பண்ண அடுத்த வாரம் லேப் ஹவர்ல ஆறேழு பேரைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார். "மூணாவது பக்கத்துல இந்த மதிப்பை ஏன் எடுத்தே?" ரெண்டு நிமிஷம். பதில் தெரிஞ்சா ஏஐகிட்டக் கேட்டுத்தான் கத்துக்கிட்டேன்னாலும் அவருக்குக் கவலை இல்லை. அடுத்து யார் சீட்டு வரும்னு தெரியாததால நாங்க எல்லாருமே படிச்சிட்டுப் போனோம்.

ஸ்டாஃப் பக்கத்தையும் சொல்லியாகணும், இல்லைன்னா இது வெறும் புலம்பல். மூணு கிளாஸ், கிளாஸுக்கு 60 பேர்னா 180 அசைன்மெண்ட். ஒன்னுக்கு அஞ்சு நிமிஷம்னாலும் 900 நிமிஷம், 15 மணி நேரம். இதுக்கு நடுவுல அட்மிஷன் வேலை, அட்டெண்டன்ஸ், ஆடிட், இன்விஜிலேஷன். "எல்லாத்தையும் படிச்சுத் திருத்திக் கொடுங்க"ன்னு கேட்கிறது அநியாயம். நான் அதைக் கேட்கலை. அந்த சாரும் 64-ஐயும் வரிக்கு வரி படிக்கலை. எங்களுக்கு வந்த ரெண்டு தடவையும், நிறைய பேர் பண்ணின ஆறேழு தப்பைக் குறிச்சு ஒரே பக்கமா எழுதிப் போட்டுட்டு, ஒவ்வொருத்தர் ஃபைல்லயும் "2, 5" அப்படின்னு தப்போட நம்பரை மட்டும் கமெண்ட்ல போட்டு ரிட்டர்ன் பண்ணினார். எனக்கு வந்தது "5". அஞ்சாவது என்னன்னு பார்த்தா, "மில்லிமீட்டரையும் மீட்டரையும் ஒரே சமன்பாட்டுல போட்டிருக்கீங்க." ஒரே ஒரு எண். ஆனா அதுக்கப்புறம் செமஸ்டர் ஹால்ல யூனிட் எழுதும்போதெல்லாம் அந்த 5 ஞாபகம் வந்துச்சு.

நாம என்ன பண்ணலாம்? பெட்டிஷன், போராட்டம் எல்லாம் வேண்டாம். இந்த மாசம் எங்க கிளாஸ்ல இருந்து ரெப்பும் நானும் இன்னொரு பொண்ணும் போய் ஒரு மேமைப் பார்த்தோம். பயமாத்தான் இருந்துச்சு, இன்டர்னல் அவங்க கையில இருக்கே. மூணே விஷயம் கேட்டோம். அறிவிப்பு வாட்ஸ்அப்ல வரட்டும், ஆனா வாங்குறது கிளாஸ்ரூம்ல மட்டும். கேள்வி போட்ட நேரத்துக்கும் டெட்லைனுக்கும் நடுவுல குறைஞ்சது ரெண்டு காலேஜ் நாள், முடியுற நேரம் சாயங்காலம் 4. வாங்கினதுல பொதுவான தப்பை மட்டுமாவது எங்களுக்குச் சொல்லணும். ரோல் நம்பர் கேள்வியை நாங்க கேட்கலை; கேட்டிருந்தா கிளாஸ்ல திரும்பி உயிரோட வந்திருக்க முடியாது. அதை இங்கே எழுதிட்டேன், இனி என்ன ஆகுமோ.

மேம் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "நாலு மணிக்கு நீங்க பஸ் பிடிக்க ஓடுவீங்களேப்பா, மூணரைன்னு வெச்சுக்கலாமா?"ன்னு கேட்டாங்க. மூணரைன்னு முடிவாச்சு. முதல் அசைன்மெண்ட் வர்ற வெள்ளிக்கிழமை. யூனிட் 2, ஆறு கணக்கு. அந்தப் பையன் புதன்கிழமையே போட்டுட்டான். கிளாஸ்ரூம்ல அவன் பேருக்கு நேரா வந்த நேரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பியிருக்கான். நான் இன்னும் மூணாவது கணக்குலதான் இருக்கேன்.